இலைச்சாற்றின் நிறங்களைப் பிரித்தவர்

ஓர் இலையைக் கசக்கினால் வரும் பச்சைச் சாறு ஒரே பொருளைப் போலத் தோன்றும். அது பல பொருள்களின் கலவை என்பதை ஊகிக்க முடியும், மெய்ப்பிப்பதுதான் கடினம். மருந்தின் தூய்மை, காய்கறியில் தங்கிய பூச்சிக்கொல்லி, விளையாட்டு வீரரின் சிறுநீரில் கலந்துள்ள ஊக்கமருந்து ஆகியவற்றைக் கண்டறிய உலகெங்கும் ஆய்வகங்கள் இன்று நம்பியிருப்பது வண்ணப்பிரிகை முறையை. அந்த முறையை உலகுக்கு அளித்தவர் மிகயீல் ஸ்வெத் என்ற ரஷியத் தாவரவியலாளர். அதன் பயனை உலகம் உணர்ந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை. ஒரு புதிய சான்று நம் முன் வரும்போது அதை எப்படி மதிப்பிட வேண்டும் என்ற கேள்வியை எழுப்புவதால், அவருடைய வாழ்க்கையை மீண்டும் நினைவுகூர விரும்புகிறேன்.

1872-ஆம் ஆண்டு மே 14 அன்று இத்தாலியின் ஆஸ்தி நகரில் ஸ்வெத் பிறந்தார். தந்தை ரஷியர், தாய் இத்தாலியர். பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்த அவர், சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, 1896-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தந்தையின் நாட்டுக்குச் சென்றபோது அந்தப் பட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை. மீண்டும் மாணவராகி 1901-இல் கசான் பல்கலைக்கழகத்தில் ரஷியப் பட்டம் பெற்ற பிறகே, அன்று ரஷியப் பேரரசின் கீழ் இருந்த வார்சாவில் அவருக்குப் பணி கிடைத்தது. எந்த நாட்டிலும் முழு உரிமையோடு நிற்க முடியாத நிலை அவரைத் தொடர்ந்து வந்தது.

அவருடைய கண்டுபிடிப்பின் வேர் ஒரு சிறு முரண்பாட்டில் இருக்கிறது. இலையைப் பெட்ரோலிய ஈதரில் ஊறவைத்தால் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி மட்டுமே வெளிவரும். பச்சையம் இலையிலேயே தங்கிவிடும். ஆனால், தனியே பிரித்தெடுத்த பச்சையம் அதே ஈதரில் நன்றாகக் கரையும். அப்படியானால் இலைக்குள் அதைப் பிடித்துவைத்திருப்பது எது? இலையின் திசு நிறமிகளைத் தன் பரப்பில் ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று ஸ்வெத் கருதினார். வடிதாளில் நிறமிகளை ஊறவைத்துச் சோதித்தபோது, தாளும் இலையைப் போலவே நடந்துகொண்டது. ஊகம் உறுதியானது.

ஒவ்வொரு நிறமியும் வெவ்வேறு வலிமையோடு பரப்பில் ஒட்டுமானால், அந்த வேறுபாட்டைக் கொண்டே அவற்றைப் பிரிக்கலாம். இந்த நோக்கத்தோடு நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை அவர் சோதித்துப் பார்த்தார். 1903-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வார்சாவில் இயற்கை ஆய்வாளர்களின் சங்கத்தில் தம் முடிவுகளை முன்வைத்தார். 1906-இல் ஜெர்மன் தாவரவியல் ஆய்விதழில் வெளிவந்த இரு கட்டுரைகளில் முறையை முழுமையாக விளக்கி, அதற்கு நிறத்தை எழுதுதல் என்ற பொருள் தரும் கிரேக்கப் பெயரையும் சூட்டினார். ரஷிய மொழியில் ஸ்வெத் என்ற சொல்லுக்கும் நிறம் என்றே பொருள்.

கருவி மிக எளியது. ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் சுண்ணக்கட்டித் தூளை இறுக நிரப்ப வேண்டும். மேலே இலைச்சாற்றின் கரைசலை ஊற்றி, தொடர்ந்து தூய கரைப்பானைச் செலுத்த வேண்டும். பசலைக்கீரைச் சாற்றைக் கொண்டு இந்தச் சோதனையை மாணவர்களுக்குப் பலமுறை செய்துகாட்டியிருக்கிறேன். கலங்கிய பச்சைப் பட்டை மெல்ல விரிந்து, மஞ்சள் வளையங்களும் நீலப்பச்சை வளையமும் மஞ்சள்பச்சை வளையமும் தனித்தனியே நிற்கும்போது வகுப்பறையில் பேச்சு அடங்கிவிடும். ஸ்வெத் ஈரமான தூள் தண்டைக் குழாயிலிருந்து வெளியே தள்ளி, கத்தியால் வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஆல்கஹாலில் கரைத்து, அதன் நிறமாலையை ஆராய்ந்தார். சூடாக்கவில்லை, அமிலம் சேர்க்கவில்லை. எனவே நிறமிகள் சிதையவில்லை. பச்சையம் ஒன்றல்ல, இரண்டு என்பதை இவ்வாறு அவர் காட்டினார்.

ஆனால், அக்கால வேதியியலாளர்களுக்குத் தூய்மையின் சான்று படிகம். ஒரு பொருள் படிகமாக உறைந்து, அதன் தனிமங்களின் விகிதம் கணக்கோடு பொருந்தினால்தான் அது தூயது என்று ஏற்பார்கள். ஸ்வெத்திடம் இருந்தவையோ மிகச் சிறிதளவு வண்ணத் தூளும் நிறமாலையும் மட்டுமே. போலந்து வேதியியலாளர் லியோன் மார்க்லெவ்ஸ்கி அவரைக் கடுமையாக எதிர்த்தார். அப்போது படிகப் பச்சையம் என்று மதிக்கப்பட்ட பொருள், பிரித்தெடுக்கும்போது ஆல்கஹாலால் மாற்றமடைந்த ஒன்று என்று ஸ்வெத் வாதிட்டார். அவர் சொன்னதே பின்னர் சரியென்று நிறுவப்பட்டது.

அதை நிறுவியவர் ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். இலையில் உள்ள ஒரு நொதி ஆல்கஹாலோடு சேர்ந்து அந்தப் படிகத்தை உண்டாக்குகிறது என்றும், பச்சையம் இரு வகைப்பட்டது என்றும் அவர் தம் சொந்த வழியில் கண்டறிந்தார். 1915-இல் தாவர நிறமிகளின் ஆய்வுக்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால், ஸ்வெத்தின் முறை பெரிய அளவில் பொருளைத் தயாரிக்க உதவாது என்று கருதி ஒதுக்கினார். அவருடைய ஆய்வகத்தில் முறையைச் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. பச்சையத்தைச் சிதைக்கும் தூளைப் பயன்படுத்தியதே காரணம் என்று பின்னாளில் விளக்கப்பட்டது. வில்ஸ்டேட்டரைப் பகைமை கொண்டவர் என்று சொல்ல மாட்டேன். கிலோ கணக்கில் இலைகளைக் கையாண்டவருக்கு, விரல் அகலமும் இல்லாத குழாய் ஒரு பொருட்டாகப் படவில்லை. முடிவை ஏற்றவர், அந்த முடிவைத் தந்த வழியை ஏற்கவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ஸ்வெத்தின் கடைசி ஆண்டுகள் அலைச்சலில் கழிந்தன. 1910-இல் தம் ஆய்வுகளைத் தொகுத்து ரஷிய மொழியில் நூல் வெளியிட்டார். 1915-இல் ஜெர்மன் படை வார்சாவை நெருங்கியபோது, அவர் பணியாற்றிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தோடு நகரைவிட்டு வெளியேறினார். 1917-இல் இன்றைய எஸ்தோனியாவில் உள்ள தார்த்துவில் பேராசிரியர் ஆனார்; மறு ஆண்டே அந்நகரமும் ஜெர்மானியர் வசமாக, வரோனெஷ் நகருக்குப் பெயர வேண்டியதாயிற்று. 1918-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1919-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, 47-ஆவது வயதில் காலமானார்.

இவருடைய நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றை வில்ஸ்டேட்டர் தம் பயன்பாட்டுக்காகச் செய்துவைத்திருந்தார். அது அவருடைய மாணவர் ரிச்சர்டு கூனிடம் வந்து சேர்ந்தது. 1931-இல் ஹைடல்பர்க்கில் கூனிடம் பணியாற்றிய எட்கர் லெடரர் என்ற இளைஞர் அதைப் படித்து, முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள நிறமிகளையும் கரோட்டின் வகைகளையும் குழாயில் பிரித்துக்காட்டினார். அதன் பின் வண்ணப்பிரிகை ஆய்வகங்கள்தோறும் பரவியது. முறையை ஒதுக்கியவரின் அலமாரியிலிருந்தே அது மீண்டு வந்தது. 1952-இல் இம்முறையின் வளர்ச்சிக்காக ஆர்ச்சர் மார்ட்டினுக்கும் ரிச்சர்டு சிங்குக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிறமற்ற பொருள்களையும் இன்று அதே தத்துவத்தால் பிரிக்கிறோம். பெயரில் மட்டும் நிறம் எஞ்சியிருக்கிறது.

ஸ்வெத்தைப் புறக்கணித்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தாம் பழகிய சான்றைத் தவிர வேறொன்றைச் சான்றாகக் கருத அவர்கள் பழகவில்லை. சொன்னவர் தாவரவியலாளர் என்பதும், வெளிவந்தது தாவரவியல் இதழ் என்பதும் அவர்களுக்குத் தடையாக நின்றன. நம்மிடம் இதற்கு நேர்மாறான குறை உண்டு. மூலிகைப் பொடியானாலும் மஞ்சள்தூளானாலும், விற்பவரின் பெயரையும் மரபின் பெருமையையும் கேட்டு நிறைவடைகிறோம். அதற்குள் இருக்கும் பொருள்களைப் பிரித்துப் பார்த்தார்களா என்று கேட்பதில்லை. சொன்னவர் யார் என்று பார்த்து ஒரு சான்றைத் தள்ளுவதும் தவறு. சொன்னவர் யார் என்று பார்த்துச் சான்றே வேண்டாம் என்று விடுவதும் தவறு. இரண்டுக்கும் மாற்று, ஸ்வெத்தின் குழாயைப் போல யார் வேண்டுமானாலும் மீண்டும் செய்து பார்க்கக்கூடிய சோதனைதான்.