புரதத்துக்கு வரைபடம் தந்த ஜி.என். ராமச்சந்திரன்

தேக்காவில் ரயில் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் வட்டப் பாதைக்கு மாறினால் ஒன்-நார்த் போய்ச் சேரலாம். உயிரணுவுக்குள் புரதங்கள் இயங்கும் விதத்தைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் ஆய்வு அங்குள்ள பயோபோலிசில் நடக்கிறது. ஒரு புரதத்தின் வடிவம் நம்பத்தக்கதா என்று சோதிக்க, இத்துறையினர் உலகெங்கும் பயன்படுத்துவது ராமச்சந்திரன் படம். அது பிறந்த இடம் சென்னை.

1922ல் எர்ணாகுளத்தில் கணிதப் பேராசிரியரின் மகனாகப் பிறந்த ராமச்சந்திரன், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பினார். 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார்.

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காரு வாலின் தசைநாரைக் கொடுத்து உதவியது. மூன்று இழைகள் சேர்ந்த சுருள் வடிவம் அது என்று 1954ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார்.

பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் அதில் குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றனவாம். டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்த கிரிக்கே சொன்னால் பலர் ஒதுங்கியிருப்பார்கள். ராமச்சந்திரனுக்கு அதுவே அடுத்த கேள்வியானது: அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்?

சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகிய இளம் ஆய்வாளர்களுடன் அவர் கணக்கில் இறங்கினார். புரதம் ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில்தான் எளிதாகத் திரும்ப முடியும். காலை நேர ரயிலில் முதுகுப் பையுடன் நிற்பவரைப்போல, நினைத்த பக்கமெல்லாம் திரும்பினால் பக்கத்து அணு இடிக்கும். எந்தக் கோணத்தில் இடிக்கும், எதில் இடிக்காது என்று கைக்கணக்கு இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். இரு கோணங்களையும் இரு அச்சுகளில் குறித்தபோது, படத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கில் புரதத்துக்கு இடமில்லை என்று தெரிந்தது. 1963ல் அது வெளியானது.

1971ல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் அவர் தந்த கணித முறை, சிடி ஸ்கேன் படங்களை உருவாக்க உதவியது. ஆனால் நோபெல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. கடைசி ஆண்டுகளில் பார்கின்சன் நோயுடன் போராடி 2001 ஏப்ரலில் காலமானார்.

புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹசாபிஸின் தாயார் சிங்கப்பூரைச் சேர்ந்தவர். அந்தச் செயற்கை நுண்ணறிவு தரும் வடிவங்களையும் ஆய்வாளர்கள் ராமச்சந்திரன் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.