வில்லியம் ஹோகார்த் (1697 – 1764)

மாணவர்களே, திரை விழுந்ததும் நடிகனின் நடிப்பு மறைந்துவிடுகிறது. ஒளிப்படக் கருவி இல்லாத 18 ஆம் நூற்றாண்டில், அந்த நடிப்பை அரங்குக்கு வராத மக்களிடமும் கொண்டு சேர்த்தவை அச்சுப் படங்களே. அத்தகைய படங்களை ஆக்கிய ஆங்கிலேயக் கலைஞருள் முதன்மையானவர் வில்லியம் ஹோகார்த். இவர் ஓவியராகவும் செப்புத்தகட்டுச் செதுக்குநராகவும் விளங்கினார். கலைஞனின் உழைப்புக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுக்கொடுத்தவரும் இவரே.

பிறப்பும் இளமையும்

ஹோகார்த் 1697 நவம்பர் 10 இல் இலண்டனில் பிறந்தார். தந்தை றிச்சாட் ஓர் இலத்தீன் ஆசிரியர், பாடநூல்களும் எழுதியவர். இலத்தீன் மொழியில் உரையாடுவோருக்கென அவர் ஒரு கோப்பிக்கடையை ஆரம்பித்தார். அது நட்டமடைந்தது. கடனைச் செலுத்த முடியாத அவர் ஃபிளீற் சிறைச்சாலையில் கடனாளியாக அடைக்கப்பட்டு, 1712 இலேயே விடுதலையானார். புத்தக வியாபாரிகளை நம்பி அவர் மேற்கொண்ட எழுத்து முயற்சிகளும் குடும்பத்தின் வறுமையைப் போக்கவில்லை. உழைப்பவர் ஒருவர், பயன்பெறுபவர் இன்னொருவர் என்ற நிலையை ஹோகார்த் தம் வீட்டிலேயே கண்டார். அவரது பிற்காலச் செயல்களை விளங்கிக்கொள்ள இதனை நினைவில் வைத்திருங்கள்.

தொழிற்பயிற்சி

எல்லிஸ் கம்பிள் என்ற வெள்ளிச் செதுக்குநரிடம் இவர் தொழில் பழகினார். வெள்ளிப் பாத்திரங்களில் குடும்பச் சின்னங்களைச் செதுக்குவதே அங்கு வேலை. 1720 இல் தனியாகத் தொழில் தொடங்கி, செப்புத்தகடுகளில் படங்களைச் செதுக்கலானார்.

இம்முறையில் கூரிய உளியால் செப்புத்தகட்டில் கோடுகள் கீறப்படும். அக்கோடுகளுள் மை நிரப்பி, தகட்டின் மேற்பரப்பைத் துடைத்து, ஈரமான தாளை வைத்து அழுத்துவர். கோடுகளிலுள்ள மை தாளில் ஏறும். படம் இடவல மாற்றமாகப் பதிவதால், செதுக்குநர் அதனைத் தலைகீழாகவன்றி, இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம் என்பதே இதன் சிறப்பு.

நாடக ஓவியங்கள்

1728 இல் ஜோன் கே எழுதிய 'பிச்சைக்காரரின் இசைநாடகம்' இலண்டனில் பெருவெற்றி பெற்றது. அதன் சிறைச்சாலைக் காட்சியை ஹோகார்த் பலமுறை ஓவியமாகத் தீட்டினார. விலங்கிடப்பட்ட கள்வர் தலைவன் நடுவில் நிற்க, இரு பெண்கள் அவனுக்காகத் தத்தம் தந்தையரிடம் மன்றாடுகின்றனர். மேடையின் இருபுறமும் அமர்ந்திருந்த பார்வையாளரையும் அவர் விட்டுவிடவில்லை.

1745 இல் அவர் தீட்டிய ஓவியம், ஷேக்ஸ்பியரின் மூன்றாம் றிச்சாட் வேடத்தில் டேவிட் கரிக்கைக் காட்டுகிறது. போருக்கு முந்திய இரவு, தான் கொன்றவர்களின் ஆவிகளைக் கனவில் கண்டு மன்னன் திடுக்கிட்டு எழும் கணம் அது. அகன்ற கண்கள், விரிந்த விரல்கள், வாளைப் பற்றிய கை ஆகியவற்றைக் கவனியுங்கள். அச்சம் முகத்தில் மட்டுமன்றி உடல் முழுவதும் தெரிகிறது. இவ்வோவியம் 200 பவுணுக்கு விலைபோனது. 1746 இல் சாள்ஸ் கிரிக்னியனுடன் சேர்ந்து ஹோகார்த் இதனைச் செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்டார். மூல ஓவியம் லிவர்பூல் நகரின் வோக்கர் கலைக்கூடத்தில் உள்ளது.

சட்டப் போராட்டம்

நாடகத்தைப் போலவே கதை சொல்லும் படத்தொடர்களையும் ஹோகார்த் ஆக்கினார். 1732 இல் ஆறு படங்களைக் கொண்ட முதலாவது தொடர் வெளிவந்தது. நகரத்துக்கு வந்து சீரழியும் ஓர் இளம்பெண்ணின் கதை அது. அது புகழ்பெற்றதும், வியாபாரிகள் அனுமதியின்றிப் பிரதிசெய்து மலிவாக விற்றனர். தந்தைக்கு நேர்ந்தது தமக்கும் நேர்வதை ஹோகார்த் உணர்ந்தார். ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. ஏனைய கலைஞர்களுடன் இணைந்து பாராளுமன்றத்திடம் முறையிட்டார்.

அதன் பயனாக 1735 இல் செதுக்குநர் பதிப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. வெளியிட்ட நாளிலிருந்து 14 ஆண்டுகளுக்குப் படத்தின் உரிமை அதனை ஆக்கியவருக்குக் கிடைத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த யூன் 25 வரை தமது அடுத்த தொடரை வெளியிடாமல் காத்திருந்தார். அதற்கிடையிலும் சிலர் அவர் வீட்டில் மூல ஓவியங்களைப் பார்த்துவந்து, நினைவிலிருந்து போலிப் படங்களைச் செய்தனர்.

இறுதிக்காலம்

1751 இல் மதுவின் கேட்டைக் காட்டும் 'ஜின் ஒழுங்கை' என்ற படத்தை, சாதாரண மக்களும் வாங்கக்கூடியதாக ஒரு சிலிங் விலையில் வெளியிட்டார். 1753 இல் அழகியல் பற்றி ஒரு நூல் எழுதினார். 1757 இல் அரச ஓவியரானார். 1764 ஒக்டோபர் 26 இல் காலமானார். சிஸ்விக்கிலுள்ள அவரது கல்லறைக்குரிய கவிதையை எழுதியவர் நடிகர் கரிக்.

1767 இல் புதிய சட்டமொன்று உரிமைக் காலத்தை 28 ஆண்டுகளாக்கியது. ஹோகார்த்தின் மனைவி ஜேனுக்கு அவரது படங்கள்மீது 20 ஆண்டு உரிமையையும் அச்சட்டம் வழங்கியது. தந்தை விட்டுச் சென்றது வறுமை. மகன் விட்டுச் சென்றதோ உழைப்பின் பயனை அனுபவிக்கும் உரிமை. இவ்வேறுபாட்டை உங்கள் விடையில் எடுத்துக்காட்டினால், அது வெறும் ஆண்டுகளின் பட்டியலாக அமையாது.

பயிற்சி வினாக்கள்

1. செப்புத்தகட்டுச் செதுக்கல் முறையைச் சுருக்கமாக விளக்குக.
2. கரிக்கின் ஓவியத்தில் அச்சம் வெளிப்படும் மூன்று வழிகளைக் குறிப்பிடுக.
3. 1735 ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் தேவைப்பட்டது? அதன் பயன் யாது?