சகோதரி சுப்பலட்சுமி

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தவாறு பழைமையான கட்டடம் ஒன்று நிற்கிறது. இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்பது பெயர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதால், மக்கள் அதனை ஐஸ் ஹவுஸ் என்று அழைத்தனர். பனிக்கட்டி வணிகம் நின்று பல ஆண்டுகள் கழிந்தபின், அக்கட்டடத்தில் சிறுமியர் பாடம் படிக்கும் ஒலி எழுந்தது. இவர்களுக்கு இனி வாழ்வில்லை என்று ஊரார் ஒதுக்கிவைத்த சிறுமியர் அவர்கள். அவர்களை ஒன்றுசேர்த்துக் கற்பித்தவர் சகோதரி சுப்பலட்சுமி.

சுப்பலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. பெற்றோருக்கு அவரே மூத்த மகள். படிப்பில் சிறந்து விளங்கிய அவருக்கு, அக்கால வழக்கப்படி 11 வயதளவில் திருமணம் நடைபெற்றது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். திருமணம் என்பதன் பொருள்கூட விளங்காத வயதில் அச்சிறுமி கைம்பெண் ஆனார்.

கணவனை இழந்தவரைக் கைம்பெண் என்பர். அந்நாளில் இளங் கைம்பெண்ணின் நிலை மிகவும் துயரமானது. அவர் நல்ல ஆடை உடுத்தலாகாது, பூச்சூடலாகாது, மங்கல நிகழ்ச்சிகளில் முன்வந்து நிற்கலாகாது. சில சமூகங்களில் தலைமுடியையும் மழித்துவிடுவர். வீட்டு வேலைகளைச் செய்துகொண்டு, பிறர் கண்ணில் படாமல் வாழ்நாளைக் கழிப்பதே அவருக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை. சுப்பலட்சுமியின் வீட்டில் அத்துயரை நன்கறிந்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய சித்தி வாலாம்பாளும் இளமையிலேயே கைம்பெண் ஆனவர்.

தம் மகளின் வாழ்வு அவ்வாறு முடிந்துவிடலாகாது என்று தந்தை உறுதிகொண்டார். மகளை மூலையில் அமர்த்தவில்லை. கையில் புத்தகத்தைக் கொடுத்தார். வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். உறவினரும் அக்கம்பக்கத்தாரும் குறைகூறினர். கைம்பெண் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டனர். ஆயினும் குடும்பத்தார் பின்வாங்கவில்லை. கிறித்தவக் கன்னியர் நடத்திய கல்வி நிலையத்தில் பயின்ற சுப்பலட்சுமி, பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1911-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறி இளங்கலைப் பட்டம் பெற்றார். இந்துக் கைம்பெண் ஒருவர் பட்டம் பெறுவது சென்னை மாகாணத்தில் அதுவே முதன்முறை.

அவர் விரும்பியிருந்தால் தமக்குக் கிடைத்த புதுவாழ்வோடு நின்றிருக்கலாம். ஆனால், தமக்குக் கிடைத்தது ஏனைய சிறுமியருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். அவர்களுக்கு அறிவுக்குக் குறைவில்லை, ஆர்வத்திற்கும் குறைவில்லை. துணைநிற்கும் தந்தையும், தங்கிப் படிக்க ஓர் இடமும்தான் இல்லை. அந்த இடத்தைத் தாமே அமைக்கத் துணிந்தார்.

1912-ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கமும், அதனைத் தொடர்ந்து சாரதா இல்லமும் தோன்றின. எழும்பூரில் இளங் கைம்பெண்கள் சிலருடன் அவ்வில்லம் தொடங்கிற்று. சித்தி வாலாம்பாள் இல்லத்தின் பொறுப்பை ஏற்று, சிறுமியரைத் தாய்போல் பேணினார். கல்வித்துறையில் பணியாற்றிய லிஞ்ச் என்னும் அம்மையாரும் பெரிதும் உதவினார். அரசின் ஆதரவும் கிடைத்தது. மாணவியர் பெருகவே, இல்லம் பின்னர் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அழுகையோடு வந்த சிறுமியர் அங்கே எழுதப் படிக்கக் கற்றனர், விளையாடினர், ஆசிரியப் பயிற்சி பெற்றனர். சிலர் கல்லூரிக்கும் சென்றனர். பிறருக்குச் சுமையாகக் கருதப்பட்டவர்கள் சொந்த உழைப்பில் வாழும் ஆசிரியைகள் ஆயினர்.

அரசின் உதவியோடு நடந்த அவ்வில்லத்திற்குச் சில எல்லைகள் இருந்தன. பிராமணக் கைம்பெண்களுக்கே அங்கு இடம் அளிக்கப்பட்டது. வயது முதிர்ந்த பெண்கள் சேர இயலவில்லை. ஒரு கதவு திறந்தால் போதாது என்பதைச் சுப்பலட்சுமி உணர்ந்தார். 1922-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர் ஆனார். வயதுவந்த பெண்களும் படிப்பதற்காக 1927-ஆம் ஆண்டு சாரதா வித்யாலயம் நிறுவப்பட்டது. அது பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்ந்தது. 1942-ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் மகளிர் பள்ளியையும் அவர் தொடங்கினார். படிப்பை இடையில் விட்ட பெண்கள், எந்த வயதிலும் மீண்டும் தொடங்கலாம் என்பதை இப்பள்ளிகள் மெய்ப்பித்தன.

குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டத்திற்கும் அவர் ஆதரவு திரட்டினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1958-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. எத்தனைப் பட்டங்கள் வந்தபோதிலும், மக்கள் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் அவர் மறைந்தார்.

வீழ்ந்தவர் எழுவதற்கு மனவுறுதி வேண்டும். அதனோடு, கைகொடுக்கும் ஒருவரும் வேண்டும். சுப்பலட்சுமிக்கு அவர் தந்தை கைகொடுத்தார். அவரோ எண்ணற்ற பெண்களுக்குக் கைகொடுத்தார்.

பயிற்சி: சிந்தித்து விடையளிக்க

1. ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. இளங் கைம்பெண்கள் கல்வி பெறுவதற்குத் தடையாக இருந்தவை யாவை?
3. சாரதா இல்லம் இருந்தும் வேறு பள்ளிகளைச் சுப்பலட்சுமி ஏன் தொடங்கினார்?
4. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ படிப்பை இடையில் விட்டவர் இருக்கலாம். அவர் மீண்டும் படிக்க நீங்கள் எவ்வாறு உதவலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.