முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்த பாங்கி முதலாளி

ஒரு டாலர் கூலித் தகராறு. அதிலேதான் லூயிஜி ஜியானினி என்ற விவசாயியின் உயிர் போயிற்று.

இத்தாலியில், ஜெனோவா நகரத்துக்கு அருகிலுள்ள மலைக் கிராமத்திலிருந்து பிழைப்பைத் தேடி அமெரிக்கா சென்றவர் லூயிஜி. கலிபோர்னியா மாகாணத்தில் ஸான் ஹோஸே பட்டணத்தை அடுத்த அல்விஸோவில் 40 ஏக்கர் நிலம் வாங்கி, பழமும் காய்கறியும் பயிர் செய்து வந்தார். கூலியாள் ஒருவனுடன் வாய்ச்சண்டை முற்றியது. அவன் துப்பாக்கியை எடுத்துவிட்டான். லூயிஜியின் மனைவி வர்ஜீனியாவுக்கு அப்போது வயது 22. வயிற்றிலே மூன்றாவது குழந்தை. 1870-ம் ஆண்டு மே 6-ந் தேதி பிறந்த மூத்த மகன் அமடியோவுக்கு ஆறேழு வயதுதான்.

அந்த அமடியோ ஜியானினிதான் பிற்காலத்தில் உலகிலேயே பெரிய பாங்கியை உருவாக்கியவர்.

மண்டியில் படித்த பாடம்

விதவையான வர்ஜீனியா, விளைபொருள்களை வண்டியில் ஏற்றிச் செல்லும் லோரென்ஸோ ஸ்கடேனா என்பவரை 1880-ல் மறுமணம் செய்துகொண்டார். குடும்பம் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் குடி பெயர்ந்தது. ஸ்கடேனா அங்கே காய்கறிக் கமிஷன் மண்டி வைத்தார்.

நடுநிசியில் துறைமுகத்துக்குப் படகுகள் வந்து சேரும். சிறுவன் அமடியோ தாயாரை எழுப்பிவிடாமல் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து நழுவி, மண்டிக்குப் போய்விடுவான். விடிந்த பிறகு பள்ளிக்கூடம். படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பதினைந்து வயதுக்குள் முழுநேர வியாபாரியானான்.

சாக்ரமெண்டோ ஆற்றோரம் பண்ணை பண்ணையாகச் சென்று, விளைச்சலை முன்கூட்டியே பேசி முடிப்பது அவர் வேலை. போட்டி வியாபாரி ஒருவர் முந்திக்கொண்டு போவதைக் கண்டு, உடைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடையை நீந்திக் கடந்து, முதலில் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் எந்த விவசாயி நாணயமானவர், யார் சாக்குச் சொல்பவர் என்பதை அவர் அறிந்துகொண்டது இந்த அலைச்சலில்தான். அந்த அறிவு எந்தப் பாங்கியின் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

31 வயதில் தம் பங்கை விற்றுவிட்டு ஓய்வு பெற்றார். மாமனார் இறந்ததும் அவருடைய சொத்துக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. ஒரு சிறிய பாங்கியின் டைரக்டர் பதவியும் வந்தது. ஏழை இத்தாலியர்களுக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்றார். மற்ற டைரக்டர்கள் கேட்கவில்லை. வெளியேறினார். 1904 அக்டோபர் 17-ந் தேதி, முன்பு மதுக்கடையாக இருந்த ஒரு கட்டிடத்தில் ‘பாங்க் ஆப் இத்தாலி’யைத் தொடங்கினார். முதல் நாள் வரவு 8,780 டாலர்.

மெத்தைக்கு அடியில் பணத்தை வைத்திருந்தவர்களிடம் வீடு வீடாகப் போய் டெபாசிட் கேட்டார். கௌரவமான பாங்கிக்காரர் செய்கிற காரியமா இது என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஆரஞ்சுப் பெட்டிக்குள் தங்கம்

1906 ஏப்ரல் 18. விடியற்காலை 5 மணி 12 நிமிஷம். பூகம்பம் ஸான் பிரான்ஸிஸ்கோவைக் குலுக்கியது. பின்னாலேயே தீ பரவியது.

ஜியானினியின் வீடு 17 மைல் தொலைவில், ஸான் மடேயோவில் இருந்தது. ரெயில் நின்ற இடத்திலிருந்து நடந்தே அவர் நகரத்தை அடையும்போது நண்பகல். சிப்பந்திகளோ வழக்கம்போல் பாங்கியைத் திறந்து வைத்திருந்தார்கள்! பொன்னும் வெள்ளியுமாக 80,000 டாலர் கையிருப்பு. தீ நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்கடேனா மண்டியிலிருந்து இரண்டு வண்டிகளை வரவழைத்தார். பண மூட்டைகளை அடியில் போட்டு, மேலே ஆரஞ்சுப் பழப் பெட்டிகளை அடுக்கினார். இருட்டும் வரை காத்திருந்து, கொள்ளைக்காரர்கள் திரிந்த தெருக்களின் வழியே வண்டிகளை வீட்டுக்கு ஓட்டிச் சென்றார். பணம் கணப்பு அடுப்பின் சாம்பல் குழியில் பதுங்கியது. அந்த நோட்டுகளில் பல வாரங்கள் வரை ஆரஞ்சு மணம் வீசியதாம்.

பெரிய பாங்கிகளின் இரும்பு அறைகள் கொதித்துக்கொண்டிருந்தன. சூடு ஆறுமுன் திறந்தால், காற்றுப் பட்டதும் உள்ளே உள்ள காகிதம் தீப்பற்றிவிடும். பல மாதங்களுக்குப் பாங்கிகளை மூடி வைக்கலாம் என்றுகூட அவற்றின் தலைவர்கள் யோசித்தார்கள். ஜியானினி வாஷிங்டன் தெருத் துறைமுகத்தில் இரண்டு பீப்பாய்களின் மேல் ஒரு பலகையைப் போட்டார். பாங்கி தயார்!

பத்திரம், ஜாமீன் எல்லாம் எரிந்து போன ஊரில் எதை நம்பிக் கடன் கொடுப்பது? ஆளின் முகத்தை நம்பினார். உழைத்துக் காய்ப்பேறிய கையை நம்பினார். வீடு கட்டக் கேட்டவர்களுக்குக் கேட்டதில் பாதியைக் கொடுத்தார். மீதிப் பாதி அவர்களிடமே எங்காவது ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். வடக்கேயிருந்து மரம் ஏற்றி வரக் கப்பல் தலைவர்களுக்கும் பணம் கொடுத்தார். இத்தாலியர் பகுதி மற்றப் பகுதிகளுக்கு முன்பே எழுந்து நின்றது.

ஊர் ஊராகக் கிளைகள்

1909-ல் பிறந்த ஊரான ஸான் ஹோஸேயிலேயே முதல் வெளியூர்க் கிளையைத் திறந்தார். ஓரிடத்தில் திராட்சை பொய்த்தாலும் இன்னோரிடத்தில் பருத்தி விளையும். நகரத்தில் சும்மா கிடக்கும் பணம் அறுவடைக் காலத்தில் கிராமத்துக்குப் போகலாம். கிளைப் பாங்கியின் சூட்சுமம் இதுதான். 1930-ல் பெயர் ‘பாங்க் ஆப் அமெரிக்கா’ என்று மாறியது.

அந்த ஆண்டு நிர்வாகத்தை எலிஷா வாக்கர் என்ற நியூயார்க் நிதி நிபுணரிடம் ஒப்படைத்து ஓய்ந்தார் ஜியானினி. பொருளாதார மந்தத்தைக் கண்ட வாக்கர், நிறுவனத்தைத் துண்டு துண்டாக விற்க முற்பட்டார். ஐரோப்பாவில் நோயுடன் கிடந்த ஜியானினிக்கு எட்டியது சேதி. ரகசியமாகத் திரும்பி வந்தார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். திராட்சைத் தோட்டக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் சில்லறைக் கடைக்காரர்களும் தங்கள் பங்கு வோட்டுக்களை அவரிடம் அளித்தார்கள். 1932 பிப்ரவரி 15-ந் தேதி வாக்கர் கோஷ்டி தோற்றது.

ஆனால் அதே மந்த காலத்தில் கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் ஜப்தியாகி, பல்லாயிரம் ஏக்கர் பாங்கியின் துணைக் கம்பெனி வசம் வந்தன. விவசாயி மகனின் பாங்கியே விவசாயிகளின் நிலத்துக்கு உடைமையானது அவர் வாழ்க்கையில் நெருடுகிற பக்கம். கோல்டன் கேட் பாலத்துக்குப் பத்திரம் வாங்கியதையும், 1937-ல் முடிந்த வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்’ படத்துக்குக் கடன் கொடுத்ததையும் புகழ்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பணம் சேர்ப்பதில் மட்டும் அவருக்கு நாட்டமில்லை. 1927-ம் ஆண்டு லாபத்தில் சுமார் 15 லட்சம் டாலரை அவருக்கு அளிக்க டைரக்டர்கள் முன்வந்தார்கள். மறுத்துவிட்டார். அந்தத் தொகை கலிபோர்னியா சர்வகலாசாலையில் விவசாயப் பொருளாதார ஆராய்ச்சிக்குப் போயிற்று.

1945-ல் அவருடைய பாங்கி உலகத்திலேயே பெரிய வர்த்தகப் பாங்கியாயிற்று. 1949 ஜூன் 3-ந் தேதி அவர் காலமானபோது அதற்கு 500-க்கு மேற்பட்ட கிளைகள். உயிர் பிரிந்தது ஸான் மடேயோவில், கணப்பு அடுப்பில் பொன்னை ஒளித்து வைத்த அதே வீட்டில். அவர் விட்டுச் சென்ற சொத்தைக் கணக்கிட்டார்கள். ஐந்து லட்சம் டாலர்கூட இல்லை.