இருட்டைத் தேடிப் போனவர்

இரவு நேரத்தில் ஓசூர் – கிருஷ்ணகிரி சாலை ஓரமாக நடந்து போகிறீர்கள். எதிரே லாரி வருகிறது. அதன் விளக்கு கண்ணைக் கூசுகிறது. லாரிக்குப் பக்கத்தில் ஒருவர் பீடி பற்ற வைத்துக் கொண்டு நின்றாலும் தெரியாது.

நாம் என்ன செய்கிறோம்? கையைத் தூக்கி லாரி விளக்கை மறைக்கிறோம். பீடி நெருப்பு தெரிந்து விடுகிறது!

வானத்திலும் இதே கதைதான். நட்சத்திரம் லாரி விளக்கு. அதைச் சுற்றும் கிரகம் பீடி நெருப்பு. நட்சத்திரத்தின் ஒளியை மறைத்தால்தான், கிரகத்தைப் படம் பிடிக்கலாம். அதற்குப் பெரிய டெலஸ்கோப் வேண்டும். நல்ல இருட்டும் வேண்டும்.

அந்த இருட்டைத் தேடி, தமிழ்நாட்டு மலை ஒன்றில் ஏறினார் ஒரு மேதை. அவர்தான் வைணு பாப்பு.

வால் நட்சத்திரம்

பாப்பு 1927 ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். கேரளத்துக் குடும்பம். தகப்பனார் ஐதராபாத் நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். பிள்ளைக்கும் வானத்தின் மீது ஆசை பிறந்தது.

மேல் படிப்புக்கு அமெரிக்கா சென்று, ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1949-ல் புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் பெயரும், போக், நியூகர்க் என்ற மற்ற இருவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன. அப்போது அவருக்கு வயது 21!

1952-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஆலின் வில்சன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து பெரிய உண்மை ஒன்றைக் கண்டறிந்தார். சில வகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், கால்சியம் காட்டும் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் அகலத்தை அளந்து, நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லி விடலாம். அதிலிருந்து அது இருக்கும் தூரமும் தெரிந்து விடும். 1957-ல் வெளியான இந்த ஆராய்ச்சி, வில்சன் – பாப்பு விளைவு என்று உலகமெங்கும் அழைக்கப்படுகிறது.

மலை கிடைத்தது!

அமெரிக்காவிலேயே பாப்பு தங்கி இருக்கலாம். தங்கவில்லை. தாய்நாடு திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டர் ஆனார்.

சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் நல்ல இடம். நட்சத்திரங்களைப் பார்க்க வேறு இடம் தேடினார். ஜவ்வாது மலையில், காட்டு நடுவே காவலூர் கிடைத்தது. பெங்களூரில் இருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக அங்கே போகலாம். ஊர் வெளிச்சம் இல்லை. வட வானம், தென் வானம் இரண்டையும் அங்கிருந்து ஆராயலாம்.

முதலில் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10-ந் தேதி, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும் நேரம். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கியது! காரணம், யுரேனசைச் சுற்றி இருந்த வளையம். அதுவரை உலகம் அறியாத வளையங்கள் அவை. அதே இரவில், அமெரிக்க விஞ்ஞானிகளும் விமானத்தில் பறந்தபடி அவற்றைக் கண்டார்கள்.

பார்க்காமலே போனார்

பாப்புவின் மனம் இன்னும் பெரியதை நாடியது. 2.34 மீட்டர் டெலஸ்கோப்! அதை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று உறுதி பூண்டார். வேலை தொடங்கியது. 1979-ல் சர்வதேச வான ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

1982 ஆகஸ்டு 19-ந் தேதி, ஜெர்மனியில் மியூனிக் நகரில் காலமானார். வயது 55. டெலஸ்கோப் முடியவில்லை!

1986-ல் அது திறக்கப்பட்டது. அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவர் மறைந்து இரண்டே ஆண்டில், 1984-ல், தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பீட்டா பிக்டோரிஸ் என்ற இளம் நட்சத்திரத்தின் ஒளியை மறைத்துப் படம் எடுத்தார்கள். அதைச் சுற்றித் தட்டுப் போலத் தூசி தெரிந்தது! இப்படிப்பட்ட தூசியில்தான் கிரகங்கள் பிறக்கின்றன. நம் பூமியும் அப்படிப் பிறந்ததே. 2008-ல், அந்தத் தூசிக்குள் ஒரு கிரகம் இருப்பதும் படத்தில் தெரிந்தது.

1984-ல் படம் பிடித்த டெலஸ்கோப்பின் அளவு என்ன தெரியுமா? 2.5 மீட்டர். காவலூர் டெலஸ்கோப்பை விடக் கொஞ்சம்தான் பெரிது! பாப்பு போட்ட கணக்கு தப்பவில்லை.

அந்த நட்சத்திரம் நமக்கும் தெரியும். தை மாதத்து இரவில், தெற்கு வானில் தாழ்வாக மங்கலாக மின்னும். ஆனால் இருட்டு வேண்டும். தொழிற்சாலைகளும் கடைத் தெருக்களும் பெருகிய ஊர்களில், வானமே வெளுத்துக் கிடக்கிறது. அந்த வெளிச்சம் மலைகளையும் எட்டுகிறது.

விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெளிச்சம் தரையில் விழும்படி, விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும். பாப்பு தேடிக் கண்ட இருட்டை, நம் பிள்ளைகளும் பார்க்கட்டும்.