ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (கோபால்சாமி துரைசாமி நாயுடு, மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார்.

வாழ்க்கை

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர், கோவையில் உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். பின்னர் அதைக் கழற்றி மாட்டியே இயந்திரவியலைக் கற்றார். 1920இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனிக்குத் தாமே ஓட்டினார். இதுவே பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

மின்னோடிகள்

இவர் உருவாக்கிய ரேசன்ட் சவரக்கருவி உலர் மின்கலத்தால் இயங்கியது. மின்கலம் தருவது நேர் மின்னோட்டம். அதில் இயங்கும் மின்னோடியின் சுழலும் சுருளுக்கோ அரைச்சுற்றுக்கு ஒருமுறை திசை மாறும் மின்னோட்டம் தேவை. இம்மாற்றத்தைத் திசைமாற்றி என்னும் உறுப்பு செய்கிறது. அதே இயந்திரத்தை வெளியிலிருந்து சுழற்றினால், சுருளில் தோன்றும் மாறுதிசை மின்னோட்டத்தை அது நேர் மின்னோட்டமாக மாற்றித் தரும். திசைமாற்றியோடு உரசும் தூரிகைகள் தேய்வது இவ்வகையின் குறை.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவைப் பகுதிக்குக் கிடைத்தது மாறுதிசை மின்னோட்டம். இதில் தூரிகையற்ற தூண்டல் மின்னோடியை நேரடியாக ஓட்டலாம். ஆழ்கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்து வந்த கொங்கு உழவர்களுக்கு அது பெரும் வாய்ப்பு. ஆனால் மின்னோடிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. 1937இல் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் வெளியிட்ட மின்னோடி, இந்தியாவிலேயே உருவான முதல் மின்னோடி எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அதை வடிவமைத்ததில் தா. பாலசுந்தரம் நாயுடுவின் பங்கு முதன்மையானது. நாயுடுவின் புகழில் இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

கல்விப் பணி

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி உருவாக உதவி, அதன் முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கலாம் என்ற இவரது கருத்தை அரசு ஏற்காததால் பதவி விலகினார். அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1967இல் கோவையில் தொழில்துறைக் கண்காட்சி ஒன்றை நிறுவினார்.

2025 அக்டோபரில் திறக்கப்பட்ட கோவை அவிநாசி சாலை மேம்பாலத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.