மக்களுக்காக ஆண்ட மன்னர்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், எதனையும் பகுத்தறிவால் ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்னும் அறிவொளிச் சிந்தனை பரவியது. அச்சிந்தனை அரியணை ஏறியபோது விளைந்த நன்மைகளையும் எழுந்த சிக்கல்களையும் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

ஏர் பிடித்த பேரரசர்

ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில், மரியா தெரசாவின் மகனாக 1741ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் வியன்னாவில் ஜோசப் பிறந்தார். 1765இல் தந்தை மறைந்தபின் பேரரசரானார். ஆஸ்திரிய ஆட்சிப் பொறுப்பைத் தாயுடன் பகிர்ந்துகொண்டார். அரச குடும்பம் வேட்டையாடிய பிராட்டர் வனத்தை 1766இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஆரவாரத்தை விரும்பாத அவர், மாற்றுப்பெயரில் எளிய உடையில் நாடுகள் பலவற்றைச் சுற்றிவந்தார். 1769இல் மொராவியாவில் உழவர் ஒருவரின் ஏரைப் பிடித்துத் தாமே உழுதார். அக்காட்சி ஓவியங்களில் இடம்பெற்றுப் புகழடைந்தது.

அடிமைத்தளை அகற்றிய ஆணை

1780இல் தாய் மறைந்தார். அதன்பின் ஜோசப்பின் ஆணைகள் விரைந்து வெளிவந்தன. 1781இல் வெளியான சமயப் பொறுதி ஆணை, கத்தோலிக்கர் அல்லாத கிறித்தவர்கள் வழிபடவும் அரசுப் பணி பெறவும் வழிவகுத்தது. அடுத்த ஆண்டு யூதர்களுக்குக் கல்வியிலும் தொழிலிலும் இருந்த தடைகள் பல தளர்த்தப்பட்டன. பொகிமியா, மொராவியா பகுதிகளின் பண்ணையடிமைகள், நிலக்கிழாரின் இசைவின்றி மணம்புரியவும் ஊர்விட்டுச் செல்லவும் விரும்பிய தொழிலைக் கற்கவும் 1781ஆம் ஆண்டு ஆணையால் உரிமை பெற்றனர். 1784இல் வியன்னாவில் பெரிய பொது மருத்துவமனை திறக்கப்பட்டது.

மேடையில் ஒலித்த புதுமை

அரண்மனையை ஒட்டியிருந்த அரங்கத்தை 1776இல் தேசிய நாடக அரங்கமாக ஜோசப் மாற்றினார். இத்தாலிய மொழி கோலோச்சிய இசைநாடக மேடையில் ஜெர்மன் மொழி இடம்பெற ஊக்கமளித்தார். அவ்வகையில் மொசார்ட்டின் இசைநாடகம் ஒன்று 1782இல் அரங்கேறியது. எசமானனைத் தன் அறிவால் வெல்லும் பணியாளனின் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் பொமார்ஷே நாடகமாக்கியிருந்தார். அதனை வியன்னாவில் நடிக்க ஜோசப் தடைவிதித்தார். ஆனால், அரசியல் கூர்மை குறைக்கப்பட்டு, மொசார்ட்டின் இசையில் இத்தாலிய மொழியில் உருவான 'ஃபிகாரோவின் திருமணம்' 1786இல் அரங்கேற ஒப்புதல் அளித்தார். கருத்துரிமையை வளர்த்த அரசே அதன் எல்லையையும் வகுத்தது.

கேளாத செவி

மக்களின் நலம் நாடிய ஜோசப், அவர்களின் மனத்தை அறிய முனையவில்லை. சிக்கனம் கருதி, மீண்டும் பயன்படுத்தத்தக்க சவப்பெட்டியை 1784இல் புகுத்தினார். இறந்தோர்க்குரிய மதிப்பு குறைவதாக மக்கள் கொதித்தெழவே, அடுத்த ஆண்டே அதனைக் கைவிட்டார். லத்தீன் வழங்கிய ஹங்கேரி ஆட்சித்துறையில் ஜெர்மனைத் திணித்தார். அந்நாட்டின் புனித மணிமுடியையும் வியன்னாவுக்குக் கொண்டுவந்தார். ஹங்கேரி கொந்தளித்தது. 1789இல் பெல்ஜியப் பகுதியிலும் கிளர்ச்சி வெடித்தது.

எஞ்சிய விளைச்சல்

நோயுற்றிருந்த ஜோசப், 1790 சனவரியில் ஹங்கேரிக்கான ஆணைகளுள் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார். சமயப் பொறுதியும் பண்ணையடிமை ஒழிப்பும் நிலைத்தன. பிப்ரவரி 20ஆம் நாள், நாற்பத்தெட்டாம் அகவையில் மறைந்தார். பெற்றோரின் சிற்பவேலைப்பாடு மிக்க கல்லறைப் பேழையின் அருகே, அணியேதுமற்ற செப்புப் பேழையில் அவர் உடல் வைக்கப்பட்டது. நல்ல நோக்கமும் மக்களின் இசைவைப் பெற்றே வேரூன்றும் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.